எங்கே வெட்டலாம், எங்கே கூடாது?

படம் எடுப்பது, வெட்டுவது பற்றி வாசகர் கேள்விகள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கத்திலிருந்து. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருந்ததால் எல்லோர் பெயரையும் வெட்டிவிட்டேன். ஊரை விட்டுவைத்திருக்கிறேன்.

ஐ.டி.ஐ. மாணவர், கும்மிடிப்பூண்டி: கிராப் செய்தால் எந்தப் படமும் நன்றாகிவிடுமா?

சில படம் நன்றாகும். மீதிப் படம் சின்னதாகும்.

செல்போன் படங்களுக்குப் பொதுவான நோய் ஒன்று உண்டு. ஆள் நடுவில் பொடியாக நிற்பார். மேலே பாதி வானம், கீழே பாதி சிமென்ட் தரை. அந்த வானத்துக்கும் தரைக்கும் படத்தில் வேலை இல்லையென்றால் எடுத்துவிடலாம். வேலை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் பழைய பத்திரிகை அலுவலக வழி இன்றும் செல்லும். கறுப்பு அட்டையில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, படத்தின் மேல் எதிரெதிராக வைத்து நகர்த்திப் பார்ப்பார்கள். சரியான இடம் வந்ததும் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான். இன்று திரையின் ஓரத்தை விரலால் மறைத்தாலே போதும். மறைத்த பிறகும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லையென்றால் அந்த ஓரம் வேண்டாம்.

ஃபோகஸ் தப்பியது, கை ஆடியது, கண்ணை மூடியது, இதற்கெல்லாம் வெட்டு மருந்தல்ல. ஆடிய படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் ஆட்டமும் பெரிதாகும்.

ஃபிட்டர், சிப்காட், கும்மிடிப்பூண்டி: ஆயுதபூஜைக்கு கம்பெனியில் குரூப் போட்டோ எடுத்தேன். நியூஸ்லெட்டரில் போட நீளம் அதிகம், காம்பொசிஷனும் சரியில்லை, இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடு என்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் ஒடிசா, பீகார் காண்ட்ராக்ட் ஆட்கள். என்ன செய்ய?

இந்தச் சங்கடம் உலகப் புகழ் பெற்ற ஒன்று. 2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் பருவநிலைப் போராட்டக்காரர்களான ஐந்து இளம்பெண்கள் சேர்ந்து நின்றார்கள். நால்வர் ஐரோப்பியர், கிரெட்டா துன்பெர்க் அவர்களில் ஒருவர். இடது ஓரத்தில் நின்றவர் உகாண்டாவின் வனெஸ்ஸா நகாட்டே. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட படத்தில் நால்வர்தான் இருந்தார்கள். ஏன் என்னை எடுத்தீர்கள் என்று நகாட்டே பகிரங்கமாகக் கேட்டார். நிறுவனம் சொன்ன விளக்கம்தான் உங்களுக்காக இங்கே முக்கியம்: அவருக்குப் பின்னால் ஒரு கட்டடம் உறுத்தலாக இருந்தது, காம்பொசிஷனுக்காக மட்டுமே எங்கள் படக்காரர் வெட்டினார். பிறகு முழுப் படத்தையும் வெளியிட்டு மன்னிப்பும் கேட்டார்கள்.

அந்தப் படக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்ணுக்குக் கட்டடம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. சிக்கலே அதுதான். உங்கள் கம்பெனியிலும் வெட்டு கம்ப்யூட்டரில் தொடங்கவில்லை. நடுவில் நாற்காலி போட்டபோதே தொடங்கிவிட்டது. நாற்காலிக்காரரை எந்தக் கத்தரியும் தொடாது. ஓரம் மட்டும் எப்போதும் அபாயப் பகுதி.

இப்போதைக்கு ஒரு வழி. வானத்தையும் தரையையும் தாராளமாக வெட்டி, படத்தை நீளப் பட்டையாகவே பக்கத்தின் மேல் முழு அகலத்துக்கும் போடச் சொல்லுங்கள். நியூஸ்லெட்டருக்கு அது அழகுதான். அடுத்த ஆண்டு ஒரே வரிசை வேண்டாம். படிக்கட்டில் மூன்று வரிசையாக நிறுத்தி, நீங்கள் உயரத்தில் ஏறி நின்று எடுங்கள். முடிந்தால் காண்ட்ராக்ட் ஆட்களை நடு வரிசையில் நிறுத்துங்கள். அப்போது வெட்டச் சொல்கிறவருக்குக் கொஞ்சம் யோசனை வரும்.

கல்லூரி மாணவி, பொன்னேரி: ஆளை வெட்டும்போது எந்த இடத்தில் வெட்டுவது?

மூட்டில் வெட்டாதீர்கள். கழுத்து, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால், இந்த இடங்களில் சட்டத்தின் ஓரம் வந்தால் உறுப்பு போனது மாதிரி இருக்கும். இரண்டு மூட்டுக்கு நடுவே வெட்டுங்கள்: நெஞ்சு, இடுப்பு, நடுத்தொடை. மிக நெருக்கமான முகப்படத்தில் உச்சந்தலை கொஞ்சம் போகலாம், தாடை போகக் கூடாது. பார்க்கும் திசையில் இடம் விடுங்கள். சுவரைப் பார்த்து நிற்பவராக யாரையும் ஆக்காதீர்கள்.

சிவனடியார், திருவாலங்காடு: எங்கள் ஊர் நடராஜர் படத்தை டி.பி.யாக வைத்தால் கையும் காலும் வட்டத்துக்கு வெளியே போகின்றன. என்ன செய்வது?

முதலில், படம் எங்கே எடுத்தது என்று நான் கேட்கவில்லை. கோயில் விதி உங்களுக்கே தெரியும்.

நடராஜருக்கு வட்டம் புதிதல்ல, திருவாசியோடுதான் வருவார். ஆனால் திருவாலங்காட்டிலிருந்து எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போன புகழ்பெற்ற சோழர் செப்புத் திருமேனியைப் பாருங்கள். திருவாசி இல்லை. நெருப்பு வளையத்தைக் காலம் வெட்டிவிட்டது. சட்டம் போன பிறகும் அந்த வடிவம் கலையாமல் நிற்கிறது. கை எங்கே முடிய வேண்டும், தூக்கிய கால் எங்கே நிற்க வேண்டும் என்று வார்த்தவருக்குத் தெரிந்திருந்ததால் வளையம் இல்லாமலே கண் ஒரு வளையம் போட்டுக்கொள்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியக நடராஜர்களின் புகைப்படங்களை மட்டும் பார்த்து உருகி உருகிக் குறிப்பு எழுதினார். அவர் 1917இல் இறந்தார். குறிப்பு 1921இல்தான் அச்சானது. அதில் திருவாலங்காட்டுக்காரரும் உண்டு. ஒரு புகைப்படம் செய்யக்கூடிய காரியம் எவ்வளவு என்பதற்கு நம் மாவட்டத்திலிருந்தே சாட்சி கிடைத்துவிட்டது.

அருங்காட்சியகத் திருமேனி ஆனந்த தாண்டவம். உங்கள் கோயிலில் ஆடுவது ஊர்த்துவ தாண்டவம். கால் தலைக்கு மேல் போகிறது. அதை எந்த வட்டத்துக்குள்ளும் அடைக்க முடியாது, அடைக்கவும் வேண்டாம். நெட்டுவாக்கில் முழுசாக ஸ்டேட்டஸில் வையுங்கள். டி.பி.க்கு வேண்டுமானால் முகத்தை மட்டும் எடுங்கள். காலைப் பாதியில் வெட்டினால் அது தாண்டவமே இல்லை.

கட்டடக்கலை மாணவர், திருவள்ளூர்: மூன்றில் ஒரு பங்கு விதி என்கிறார்களே, அதைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டுமா?

செல்போனில் கட்டம் போட்டுக் காட்டுகிறதே, அந்த விதியைச் சொல்கிறீர்கள். கேமரா பிறப்பதற்கு முன்பே, 1797இல், ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் கிராமக் காட்சிகள் பற்றிய புத்தகத்தில் எழுதிவைத்தது. நிலக்காட்சிக்குச் சொன்னதை இன்று பிரியாணிப் படம் வரை இழுத்துவிட்டோம்.

பழவேற்காட்டுக்குப் போய் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நில்லுங்கள். இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கும். 17ஆம் நூற்றாண்டில் ஜெல்ட்ரியா கோட்டை கட்டி வியாபாரம் பார்த்தவர்கள், சாவை இரு கைக்கும் சமமாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வாசலை மூன்றில் ஒரு பங்குக்குத் தள்ளி வெட்டினால் ஒரு எலும்புக்கூட்டுக்கு வேலை போய்விடும். சமச்சீராகக் கட்டியதை நடுவில் வைத்து, இரு பக்கமும் ஒரே அளவாக வெட்டுங்கள். ஒரு விரல்கடை கூடினாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு படம் என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

பறவை ஆர்வலர், மீஞ்சூர்: பூநாரைகள் ரொம்பத் தூரத்தில் நிற்கின்றன. ஜூம் செய்து எடுப்பதா, எடுத்துவிட்டு வெட்டுவதா?

லென்ஸ் நகர்ந்து பெரிதாக்கினால் அது நிஜ ஜூம், முழுசாகப் பயன்படுத்துங்கள். அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்குவது, கேமராவே உங்களுக்காகச் செய்யும் வெட்டு. அதை நீங்களே வீட்டில் நிதானமாகச் செய்தால் எந்தப் பறவையை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களிடம் இருக்கும்.

வெட்ட வேண்டியிருக்கிறதே என்று படகைக் கூட்டத்துக்குள் விடச் சொல்லாதீர்கள். பறக்கும் பூநாரைப் படம் அழகுதான். ஆனால் இரை தேடிக்கொண்டிருந்ததைக் கலைத்துப் பறக்கவிட்ட படம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பழவேற்காடு சரணாலயம், ஸ்டுடியோ அல்ல. தூரமாக நின்று எடுங்கள், வீட்டில் வெட்டுங்கள். கத்தரியால் பறவைக்கு நன்மை நடக்கும் ஒரே இடம் இதுதான்.

அதே பறவை ஆர்வலர்: அத்திப்பட்டுப் பக்கம் கொக்குப் படம் எடுத்தால் பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கி வந்துவிடுகிறது. வெட்டிவிடலாம்தானே?

வெட்டலாம். அழகான கொக்கு கிடைக்கும். அதே கொக்கு குமரகத்திலும் கிடைக்கும், வேடந்தாங்கலிலும் கிடைக்கும். புகைபோக்கியோடு நிற்கும் கொக்குதான் உங்கள் ஊர்க் கொக்கு.

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலைச் சேரும் அந்த இடத்தில் துறைமுகம், அனல்மின் நிலையம், சாம்பல், இறால், மீன்வலை எல்லாம் ஒரே சட்டத்துக்குள்தான் இருக்கின்றன. யாரும் ஓவியமாகத் திட்டமிடவில்லை, நடந்துவிட்டது. காலண்டருக்கு வேண்டுமானால் புகைபோக்கியை வெட்டுங்கள், தப்பில்லை. 'எண்ணூரின் இயற்கை' என்று தலைப்பு வைத்துக் கண்காட்சிக்கு அனுப்பும்போது வெட்டினால் அது பொய். கத்தரி அதே கத்தரிதான், கீழே போடும் தலைப்பால்தான் குற்றம் ஆகிறது. மாறாக, கொக்கே இல்லாத பக்கமாக வெட்டிப் புகையை மட்டும் காட்டி 'இங்கே உயிரே இல்லை' என்பதும் அதே வகைப் பொய். அங்கே மீன் பிடித்துப் பிழைப்பவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்டுடியோ வாடிக்கையாளர், காக்களூர்: போனில் முழுசாக இருந்த படம், பிரிண்ட் போட்டால் தலையும் காலும் போய் வருகிறது. ஸ்டுடியோக்காரர் ஏமாற்றுகிறாரா?

இல்லை. கணக்கு ஏமாற்றுகிறது. உங்கள் போன் படம் 4-க்கு 3 என்ற விகிதம். 6×4 தாள் 3-க்கு 2. தாள் நிறைய வேண்டுமென்றால் படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயே தீரும். மெஷினுக்குத் தலை எது, தரை எது என்று தெரியாது, இரண்டு பக்கமும் சமமாக நறுக்கும். பெரிய கேமராவில் எடுத்த 3-க்கு 2 படம் 6×4இல் சரியாக உட்காரும். ஆனால் 10×8 கேட்டால் ஆறில் ஒரு பங்கு போகும்.

இரண்டு வழி உண்டு. நீங்களே 3:2 என்று அளவு வைத்து வெட்டிக் கொடுங்கள், எது போக வேண்டும் என்பது உங்கள் கையில். இல்லையென்றால் வெள்ளை பார்டர் விட்டு முழுப் படமும் போடச் சொல்லுங்கள். எடுக்கும்போதே கொஞ்சம் இடம் விட்டு எடுப்பது இதைவிட நல்லது. இறுக்கமாக எடுத்த படத்தைத் தளர்த்த முடியாது.

அதே வாடிக்கையாளர்: எவ்வளவு வரை வெட்டலாம்?

12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000 புள்ளி. நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று வெட்டினால் மிஞ்சுவது பாதி அல்ல, கால்வாசி, 3 மெகாபிக்சல். 6×4 பிரிண்டுக்கு 1800-க்கு 1200 புள்ளி இருந்தாலே கச்சிதம், ஆகவே பயமில்லை. அதே துண்டை 18×12 என்று சுவரில் மாட்ட இழுத்தால் அங்குலத்துக்கு நூற்றுச் சொச்சம் புள்ளிதான் கிடைக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களை மட்டும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தை வெட்டவே வேண்டாம், வரும்போதே அது இளைத்துத்தான் வருகிறது. எடுத்தவரிடம் மூலத்தைக் கேளுங்கள்.

மெயின்டனன்ஸ் இன்ஜினியர், தேர்வாய்கண்டிகை: பழுதான வால்வை மட்டும் தெரியும்படி வெட்டி பவர்பாயின்ட்டில் போட்டேன். கஸ்டமர், 'பின்னால் ஹெல்மெட் இல்லாமல் நிற்பவர் யார்?' என்று பதில் அனுப்பியிருக்கிறார். எப்படித் தெரிந்தது?

நீங்கள் வெட்டவில்லை, திரை போட்டீர்கள். வேர்டிலும் பவர்பாயின்ட்டிலும் கிராப் செய்தால் வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும். படத்தைச் சொடுக்கி மறுபடி கிராப்பைத் திறந்தால் முழுசும் எழுந்து நிற்கும். 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' என்ற இடத்தில் 'டெலீட் கிராப்டு ஏரியாஸ்' என்பதை டிக் செய்து சேமித்தால்தான் போகும். இல்லையென்றால் வெளியிலேயே வெட்டிச் சேமித்து, அதைக் கொண்டுவந்து ஒட்டுங்கள்.

ரிப்போர்ட் படத்துக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தூரத்திலிருந்து, எந்த லைன், எந்த பம்ப் என்று தெரியும்படி. ஒன்று நெருக்கத்தில், கேஜின் முள்ளும் அளவு எண்ணும் சேர்ந்து தெரியும்படி. முள்ளை மட்டும் விட்டு எண்ணை வெட்டிய கேஜ் படங்கள் நிறையப் பார்க்கலாம். அவற்றால் யாருக்கும் பயனில்லை, சில சமயம் எடுத்தவருக்கு மட்டும் பயன் உண்டு.

ஹெல்மெட் இல்லாமல் நின்றவருக்கு ஹெல்மெட் கொடுங்கள். கிராப் அப்புறம்.

இல்லத்தரசி, ஊத்துக்கோட்டை: ஆதார் எண்ணை வெட்டிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் பத்திரம்தானே?

பெரும்பாலும். ஆனால் 2023 மார்ச்சில் ஒரு வேடிக்கை வெளியானது. கூகுள் பிக்சல் போன்களின் மார்க்கப் கருவியில் வெட்டிச் சேமித்த ஸ்கிரீன்ஷாட்டுகளில், வெட்டிய பகுதி கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. தெரிந்தவர்கள் அதை மீட்டுவிட முடிந்தது. சில நாட்களிலேயே விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே ஓட்டை கிடைத்தது. இரண்டையும் அடைத்துவிட்டார்கள். அடைப்பதற்கு முன்பு அனுப்பிய படங்கள் அனுப்பியபடியே எங்கெங்கோ இருக்கின்றன. போனை அப்டேட் செய்யுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரையே இறக்கி அனுப்புங்கள். படத்தை வெட்டினாலும் எடுத்த இடம், நேரம் போன்ற விவரம் உள்ளே இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெயர் மட்டுமல்ல, ஊரும் வேண்டாம்: பெரிய மாமாவோடு பேச்சுவார்த்தை இல்லை. என் கல்யாணப் படத்தில் என் பக்கத்தில் நிற்கிறார். வெட்டிவிடலாமா?

தாராளமாக. உங்கள் தோளில் இருக்கும் அவர் கையை என்ன செய்வதாக உத்தேசம்?

அரசு ஊழியர், திருவள்ளூர்: அம்மா தவறிவிட்டார். அவர் தனியாக நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. 1980களில் எடுத்த ஒரு குடும்பப் படத்தில் பின் வரிசையில் இருக்கிறார். அதிலிருந்து எடுக்க முடியுமா?

முடியும். நம் ஊர் வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கும் அம்மாக்களின் படங்கள் பல இப்படி வந்தவைதான். குடும்பத்தில் எல்லோருக்கும் தனிப் படம் இருக்கும், அம்மா மட்டும் பின் வரிசையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பிரிண்டைப் போனில் படம் பிடிக்காதீர்கள், பளபளப்பு விழும். ஆல்பத்திலிருந்து மெதுவாக எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். பிளாஸ்டிக் தாளோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே ஸ்கேன் போதும். முகம் பிரிண்டில் ஒரு சென்டிமீட்டர் அகலம் என்றால், 600 டி.பி.ஐ.யில் 236 புள்ளி கிடைக்கும். 1200இல் 472. அதற்கு மேல் ஏற்றிப் பயனில்லை, தாளின் நார்தான் தெரியும். நெகடிவ் கிடைத்தால் பிரிண்டைவிட அதுவே மேல், பழைய டப்பாக்களைத் தேடுங்கள்.

வெட்டும்போது முகத்தை மட்டும் பிடுங்காமல் தோள் வரை விடுங்கள். பக்கத்தில் நிற்பவரின் தோள் கொஞ்சம் வந்தால் வரட்டும். ஏ.ஐ. ஆப்பில் போட்டால் பளிச்சென்று ஒரு முகம் வரும், தோல் மழமழவென்று, பற்கள் வரிசையாக. அந்தப் பற்கள் உங்கள் அம்மாவுடையவை அல்ல. மங்கலாக இருந்தாலும் அவர் முகமே இருக்கட்டும். படத்தையும் பெரிதாகப் போட வேண்டாம், 5×7 போதும்.

போட்டித் தேர்வு எழுதுபவர், கவரைப்பேட்டை: பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தால் மட்டும் நான் ஏன் தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்கிறேன்?

எல்லோரும் அப்படித்தான். 35-க்கு 45 மில்லிமீட்டரில் ஆளுமைக்கு இடமில்லை. ஆனாலும் ஒரு செய்தி. இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்ப 1919இல் எடுத்த பாஸ்போர்ட் படம்தான் கணிதமேதை ராமானுஜத்தின் முகமாக இன்று நமக்குத் தெரிவது. கணிதர் ஹார்டி கேட்டுக்கொண்டதால் வானியலாளர் எஸ். சந்திரசேகர் 1936இல் சென்னைக்கு வந்தபோது ராமானுஜத்தின் மனைவி ஜானகி அம்மாளைப் பார்த்து வாங்கிப் போனார். பிறகு மார்பளவுச் சிலை செய்த அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்டுக்கும் அதுவே ஆதாரம். ஆகவே தேர்வுக்குக் கொடுக்கும் படத்தில் முடியைச் சீவிக்கொள்ளுங்கள். எதற்குப் பயன்படும் என்று சொல்ல முடியாது.

வரலாற்று ஆசிரியர், பூண்டி: மாணவர்கள் அத்திரம்பாக்கம் கல்லாயுதங்களைப் படம் எடுத்தார்கள். பக்கத்தில் வைத்த ஸ்கேல் அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டிவிட்டார்கள்.

மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்டெடுத்த இடம் அது. தொல்லியலாளர் சாந்தி பப்புவும் குழுவினரும் 2011இல் அங்குள்ள கைக்கோடரிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு வயது சொன்னார்கள். ஸ்கேல் இல்லாவிட்டால் அது கைக்கோடரியா, வீட்டு வாசலில் கதவுக்கு முட்டுக்கொடுத்த கல்லா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அழகுக்கு ஒரு படம் தனியாக எடுக்கட்டும். பாடத்துக்கு ஸ்கேலோடு.

அதே ஆசிரியர்: பூண்டி ஏரியில் தண்ணீர் சாய்ந்தே வருகிறது.

1944இல் கட்டியதிலிருந்து ஏரி நேராகத்தான் இருக்கிறது. திருத்தும்போது கவனம்: 4-க்கு 3 படத்தை வெறும் 3 பாகை திருப்பி நேராக்கினால், மூலைகள் போக, படத்தில் எட்டில் ஒரு பங்கு காலி. எடுக்கும்போதே கட்டக் கோட்டைத் தண்ணீரோடு பொருத்துங்கள்.

ரசிகர், திருத்தணி: மலை முழுசும் ஒரே படத்தில் அடங்கவில்லை. வெட்ட மனமும் இல்லை.

வெட்டாதீர்கள், ஒட்டுங்கள். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து 21 பிரிண்டுகளை ஒட்டினார். ஏறக்குறைய 19 அடி நீளம். உங்கள் போனில் 'பனோரமா' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அவரை நினைத்துக்கொண்டு அழுத்துங்கள்.

ரீல்ஸ் பிரியர், ஆரம்பாக்கம்: அகலப் படத்தை ரீல்ஸுக்காக நெட்டுவாக்கில் வெட்டினால் நஷ்டம் எவ்வளவு?

16-க்கு 9இலிருந்து 9-க்கு 16 எடுத்தால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. உங்கள் தாத்தா காலத்திலும் இது உண்டு. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 'ராஜராஜ சோழன்', 1973. சினிமாஸ்கோப் படங்கள் பழைய சதுர டி.வி.க்கு வந்தபோது, திரை முழுக்க நிரப்ப நாற்பது சதவீதத்துக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தது. அரசவை போனது, அரசர் மட்டும் நின்றார்.

புகைப்படக் கழக உறுப்பினர், திருவள்ளூர்: போட்டிக்கு அனுப்பும் படத்தில் எவ்வளவு வெட்டலாம்? கார்த்தியே-பிரஸ்ஸோன் வெட்டவே மாட்டாராமே?

அந்தப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் வெட்டுவதை வெறுத்தவர்தான். நெகடிவின் கறுப்பு ஓரத்தோடு பிரிண்ட் போட வைத்து, முழுசாக எடுத்தது என்று காட்டுவார். 1950இல் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களை எடுத்தவரும் அவரே. ஆனால் உலகம் முழுதும் தெரிந்த அவருடைய படம், பாரீஸில் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் ஆள், 1932, அது வெட்டிய படம். பலகை வேலி இடுக்கில் லென்ஸ் முழுசாக நுழையவில்லை, ஓரத்தில் வேலி அடைத்துக்கொண்டது. கொள்கையைவிட அந்தக் குதிப்பு பெரிது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

போட்டிக்கு வருவோம். 2010இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் ஸ்டெபான் ருடிக் பரிசு பெற்ற ஒரு படம், கியெவ் தெருச்சண்டைக்காரர் ஒருவரின் கையில் கட்டுப் போடும் காட்சி. மூலத்தை வாங்கிப் பார்த்தால், அகலமான ஒரு படத்திலிருந்து சின்னத் துண்டைத்தான் வெட்டி எடுத்திருக்கிறார். அதற்கு நடுவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பின்னணியில் எட்டிப் பார்த்த ஒருவரின் பாதத்துண்டை அழித்திருந்தார். அதற்காகப் பரிசைப் பறித்தார்கள். முக்கால்வாசியை வெட்டலாம், மிஞ்சியதற்குள் ஒரு விரலையும் அழிக்கக் கூடாது. இந்தக் கோடு எனக்குச் சரியாகவே படுகிறது. வெட்டுகிறவர் 'இங்கிருந்து பார்' என்கிறார். அழிக்கிறவர் 'அங்கே எதுவுமே இல்லை' என்கிறார்.

கேமரா வாங்கப் போகிறவர், மணவாள நகர்: 24 எம்.எம். லென்ஸில் எடுத்து வெட்டினால் 50 எம்.எம். மாதிரி வருமா? மூக்கு பெரிதாகத் தெரியாதா?

ஒரே இடத்தில் நின்று எடுத்தால் இரண்டிலும் மூக்கு ஒன்றுதான். மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் அல்ல, நீங்கள் கிட்டப் போனது. வெட்டிய படத்தில் புள்ளிகள் குறையும், பின்னணி மங்கலும் குறையும். அந்த மங்கலுக்குத்தான் கடைக்காரர் காசு கேட்கிறார்.

மின்ரயில் பயணி, எளாவூர்: என் டி-ஷர்ட்டில் இருக்கும் சே குவேராவும் வெட்டிய படம் என்கிறான் நண்பன். உண்மையா?

உண்மை. 1960 மார்ச் 5, ஹவானாவில் கப்பல் வெடித்ததில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டம். ஆல்பெர்ட்டோ கோர்டா எடுத்த நெகடிவில் ஒரு பக்கம் வேறொருவரின் முகம், மறுபக்கம் பனை ஓலை. இரண்டையும் வெட்டிய பிறகுதான் அந்த முகத்துக்கு ஊரும் நேரமும் போய், உலகத்துக்கே உரியதாயிற்று. கோர்டா படம் எடுத்துக் கொடுத்த பத்திரிகை அன்று அதைப் போடவில்லை. பல ஆண்டுகள் கோர்டாவின் சுவரில்தான் தொங்கியது. பிறகு கோடிக்கணக்கில் அச்சானது. கோர்டா ராயல்டி கேட்கவில்லை. உங்கள் டி-ஷர்ட் என்ன விலை?

படம் அனுப்புகிறவர்களுக்கு: வெட்டிய படத்தோடு வெட்டாத மூலத்தையும் சேர்த்து அனுப்புங்கள். வாட்ஸ்அப் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். குரூப் படமாக இருந்தால் பெயர்களை இடமிருந்து வலமாக, ஒருவர் விடாமல் எழுதுங்கள். பெயர் தெரியாதவர் நிற்கிறார் என்றால், போய்க் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.